வெட்டாமலே உள்ளே பார்க்கலாம்!
தொழிற்சாலையில் சி.டி. ஸ்கேன்

– மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்



சந்தையில் மண்பானை வாங்கும் பாட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். பானையை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று சத்தம் வந்தால் நல்ல பானை. ‘டொக்’ என்று மந்தமாகக் கேட்டால் எங்கேயோ விரிசல். பானையை உடைக்காமலே அதன் குறையைக் கண்டுபிடித்தாயிற்று! பெரிய கம்பெனிகளில் என்.டி.டி. என்கிறார்களே, சிதைக்காமல் சோதிக்கும் முறை, அதன் அடிப்படை இதுதான்.

அதே பாட்டி சோறு வடிக்கும்போது வேறு வழி பிடிப்பார். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். இது சிதைத்துச் சோதிக்கும் முறை. நம் லேபில் யு.டி.எம். மெஷினில் கம்பியை இழுத்து அறுக்கிறோமே, அது இந்த ரகம். ஒரே உலையில் வெந்த சோற்றுக்கு இது சரி. காஸ்டிங்குக்கு இது எப்போதும் சரிப்படாது. ஒரே நாளில், ஒரே உலோகத்தில், ஒரே அச்சில் வார்த்த 100 காஸ்டிங்கில் 1 காஸ்டிங்கில் மட்டும் காற்றுக்குமிழி சிக்கியிருக்கலாம். நல்ல ஒன்றை வெட்டிப் பார்த்து, மற்ற 99-உம் நல்லது என்று எப்படிச் சொல்வது? சரி, எல்லாவற்றையும் வெட்டிப் பார்த்துவிடலாமா? பிறகு விற்க என்ன மிச்சம் இருக்கும்!

வெட்டாமல் உள்ளே பார்க்க வேண்டும். வெட்டிப் பார்த்த மாதிரியே தெரியவும் வேண்டும். இந்த இரண்டு ஆசையும் ஒன்றாக நிறைவேறும் இடம்தான் தொழிற்சாலை சி.டி. ஸ்கேன். அது எப்படி வேலை செய்கிறது, எதைக் காட்டும், எங்கே ஏமாற்றும் என்று பார்ப்போமா?

பழைய வழிகளும் அவற்றின் எல்லையும்

கண்ணால் பார்ப்பது முதல் வழி. அடுத்தது டை பெனட்ரன்ட். சிவப்புச் சாயத்தைத் தடவி, சிறிது நேரம் ஊறவிட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பர் பூசினால், விரிசலுக்குள் புகுந்த சாயம் வெளியே கசிந்து கோடாகத் தெரியும். ஆனால் விரிசலின் வாய் மேற்பரப்பில் திறந்திருக்க வேண்டும். காந்தத் துகள் முறை இரும்புக்கு நன்றாக வேலை செய்யும். அலுமினியத்தைக் காந்தமாக்க முடியாதே! அல்ட்ராசானிக் முறையில் ஒலி அலையை உள்ளே அனுப்பி எதிரொலியைக் கேட்கிறோம். தட்டையான பிளேட்டிலும் வெல்டிங்கிலும் ஆழத்தைக்கூடச் சொல்லிவிடும். வளைவும் நெளிவும் விலாவும் குழாயுமாக இருக்கும் காஸ்டிங்கில் எந்த எதிரொலி எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிவது கஷ்டம்.

கடைசியாக எக்ஸ்ரே. 1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ரோன்ட்ஜன் கண்டுபிடித்த கதிர். உலோகத்துக்குள்ளும் புகுந்து வெளிவரும். ஆனால் எக்ஸ்ரே படம் என்பது ஒரு நிழல், அவ்வளவுதான். விளக்குக்கு முன்னால் இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக நின்றால் சுவரில் ஒரே நிழல்தானே விழும்? யார் முன்னால், யார் பின்னால் என்று நிழல் சொல்லாது.

இந்தக் குறை எவ்வளவு பெரியது என்பது இன்பிளான்ட் டிரெய்னிங்கில்தான் எனக்குப் புரிந்தது. கோவைப் பக்கம் ஒரு ஃபவுண்டரி. பெயர் வேண்டாம். அங்கே ஓர் அலுமினிய ஹவுசிங் வார்த்தார்கள். மெஷினிங் முடிந்ததும் அதன் வாய்களை அடைத்து, காற்றழுத்தம் கொடுத்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்குவார்கள். சிலவற்றில் குமிழி வந்தது. மெஷினிங்குக்கு முன்பே அவற்றைப் பிரித்துவிடலாம் என்று வெளியே அனுப்பி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். பல பீஸ்களில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. அங்கிருந்த போர்மேன் படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “தம்பி, ஓட்டை இருக்குதுன்னு படம் சொல்லுதுங்க. எந்த ஆழத்துல இருக்குதுன்னு சொல்ல மாட்டேங்குதே!”

சந்தேகத்தைத் தீர்க்கச் சில பீஸ்களை வெட்டினார்கள். ஒன்றில் துளை தடிமனான பாஸ் பகுதியின் நட்டநடுவே இருந்தது. அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆயுள் முழுக்க அப்படியே கிடந்திருக்கும். இன்னொன்றில் துளை ஓ-ரிங் உட்காரும் பள்ளத்துக்குச் சற்றுக் கீழே இருந்தது. ஒரு கட் மெஷினிங் செய்தால் வாய் திறந்துவிடும், லீக் நிச்சயம். படத்தில் இரண்டும் ஒரே மாதிரி கறுப்புப் புள்ளிதான்! நல்லது எது, கெட்டது எது என்று தெரிந்தபோது இரண்டுமே துண்டாகிக் கிடந்தன. இரண்டும் திரும்ப உலைக்கே போயின.

ஆகவே ‘துளை இருக்கிறதா’ என்பது பாதிக் கேள்வி. ‘எங்கே இருக்கிறது’ என்பதுதான் மீதிக் கேள்வி. அந்த மீதிக்குப் பதில் சொல்லத்தான் சி.டி. வந்தது.

லேத் பெட் மேல் பிறந்த கருவி

சி.டி. ஸ்கேன் என்றதும் ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். அதன் பிறப்பு ஒரு ஒர்க்‌ஷாப் கதை. இங்கிலாந்தில் இ.எம்.ஐ. கம்பெனியில் வேலை பார்த்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற எஞ்சினியர் 1960-களின் கடைசியில் தம் முதல் பரிசோதனைக் கருவியைக் கட்டினார். எதன் மேல் தெரியுமா? ஒரு பழைய லேத் பெட் மேல்! பொருளை நகர்த்தியும் திருப்பியும் காமா கதிரால் ஏறத்தாழ 28,000 அளவுகள் எடுத்தார். அதற்கு 9 நாட்கள் ஆயின. அந்த எண்களைக் கணினியில் போட்டு ஒரு படம் வரவழைக்க மேலும் 2½ மணி நேரம். 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலை ஸ்கேன் செய்யப்பட்டது. 1979-இல் அவருக்கும், இதே கணக்கைத் தனியாகப் போட்டிருந்த ஆலன் கார்மக்குக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இதில் நமக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. ஹவுன்ஸ்ஃபீல்டு பல்கலைக்கழகப் பட்டம் வாங்கியவர் அல்ல. லண்டன் ஃபாரடே ஹவுஸ் மின்பொறியியல் கல்லூரியில் அவர் வாங்கியது டிப்ளமோ! ‘டிப்ளமோதானே’ என்று இழுப்பவர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

ஒன்பது கட்டக் கணக்கு

நிழலிலிருந்து ஆழத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு காகிதத்தில் மூன்றுக்கு மூன்று என்று 9 கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டமும் ஓர் உலோகத் துண்டு. எங்கோ ஒரு கட்டம் மட்டும் காலி, அதுதான் துளை. நீங்கள் உள்ளே பார்க்கக் கூடாது. கதிர் எத்தனை உலோகக் கட்டங்களைக் கடந்து வந்தது என்பதை மட்டும் டிடெக்டர் சொல்லும்.

பக்கவாட்டில் கதிர் விடுகிறோம். மேல் வரிசை 3, நடு வரிசை 2, கீழ் வரிசை 3. அப்படியானால் துளை நடு வரிசையில். இப்போது மேலிருந்து கீழாக விடுகிறோம். இடது 3, நடு 3, வலது 2. துளை வலது வரிசையில். முடிந்தது! நடு வரிசையின் வலது ஓரக் கட்டம்தான் காலி. ஒரு நிழலால் முடியாதது இரண்டு நிழலால் முடிந்துவிட்டது.

துளை இரண்டாக இருந்தால்? பக்கவாட்டில் 2, 2, 3. மேலிருந்து பார்த்தாலும் 2, 2, 3 என்று வைத்துக்கொள்வோம். துளைகள் இடது மேல் மூலையிலும் நட்டநடுவிலும் இருக்கலாம். அல்லது மேல் வரிசையின் நடுவிலும், இடது வரிசையின் நடுவிலும் இருக்கலாம். இரண்டுக்கும் கணக்கு ஒத்துப்போகிறதே! அப்போது மூன்றாவதாக இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குக் குறுக்கே ஒரு கதிர் விடுங்கள். முதல் வகையானால் 1 வரும். இரண்டாம் வகையானால் 3 வரும். சந்தேகம் தீர்ந்தது.

சி.டி.யின் ரகசியம் இவ்வளவுதான். கட்டங்கள் கூடக் கூட, கோணங்களும் கூட வேண்டும். நிஜ மெஷினில் 9 கட்டம் இல்லை. ஒரு வெட்டுத் தளத்திலேயே 2000-க்கு 2000 கட்டம் இருக்கும். அதனால் ஒரு முழுச் சுற்றில் 1000 முதல் 3000 நிழல்கள் வரை எடுப்பார்கள்.

எல்லாத் திசையிலும் நிழல் இருந்தால் உள்ளிருக்கும் உருவத்தை மீட்டுவிடலாம் என்று ஆஸ்திரியக் கணித மேதை ராடான் 1917-லேயே நிரூபித்துவிட்டார். கணினி அதைச் செய்யும் விதம் இது: ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே திரும்பப் பூசும். எல்லாப் பூச்சும் ஒத்துப்போகும் இடத்தில் உருவம் எழும்பும். வெறுமனே பூசினால் விளிம்பெல்லாம் மங்கிவிடும். அதனால் பூசுவதற்கு முன்பே நிழலின் விளிம்பைக் கூர்மையாக்கும் ஒரு வடிகட்டிக் கணக்கும் போடுவார்கள். கூம்புபோல விரியும் கதிருக்கு இதைச் சுலபமாகச் செய்யும் முறையை 1984-இல் ஃபெல்ட்கேம்ப், டேவிஸ், கிரெஸ் ஆகிய மூவர் வெளியிட்டனர். அவர்கள் ஃபோர்டு கார் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவினர் என்பதைக் கவனியுங்கள்.

மெஷினுக்குள் என்ன இருக்கிறது?

ஆஸ்பத்திரியில் நோயாளி அசையாமல் படுத்திருக்க, எக்ஸ்ரே குழாய் அவரைச் சுற்றும். தொழிற்சாலையில் தலைகீழ். குழாய் அசையாது, பொருள்தான் டர்ன்டேபிளில் சுற்றும். நோயாளிக்குக் கதிர் அளவு குறைவாக இருக்க வேண்டும். காஸ்டிங்குக்கு அந்தக் கவலை இல்லை. அதனால் ஆஸ்பத்திரியில் 140 கிலோவோல்ட்டுக்குள் முடிந்துவிடும் வேலைக்கு இங்கே 225, 450 கிலோவோல்ட் குழாய்கள் வைக்கிறார்கள். மிகத் தடிமனான இரும்புக்கு அதுவும் போதாது. மில்லியன் வோல்ட் கணக்கில் லீனியர் ஆக்சிலரேட்டர் வேண்டும். உலோகத்தின் குறிப்பிட்ட ஒரு கனம் கதிரைப் பாதியாக்கினால், இரண்டு மடங்கு கனம் கால் பங்காக்கும். மூன்று மடங்கு அரைக்கால் ஆக்கும். தடிமன் ஏற ஏற மறுபக்கம் வந்து சேரும் கதிர் மளமளவென்று குறைந்துவிடும்.

குழாய், டர்ன்டேபிள், மறுபக்கம் தட்டையான டிடெக்டர், சுற்றிலும் ஈயத் தகடு பதித்த பெட்டி, வெளியே கணினி. இவ்வளவுதான் மெஷின்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. குழாயிலிருந்து டிடெக்டர் 1000 மி.மீ. தூரம். பொருளை 250 மி.மீ. தூரத்தில் வைக்கிறோம். 1000-ஐ 250-ஆல் வகுத்தால் 4. நிழல் 4 மடங்கு பெரிதாக விழும். டிடெக்டரின் ஒரு பிக்சல் 0.2 மி.மீ. என்றால், பொருளில் நாம் பார்க்கும் நுண்கட்டம் 0.05 மி.மீ., அதாவது 50 மைக்ரான். இந்த நுண்கட்டத்துக்கு வாக்செல் என்று பெயர். டிடெக்டரில் குறுக்கே 2000 பிக்சல் இருந்தால் அதன் அகலம் 400 மி.மீ.; 4 மடங்கு பெரிதாக்கினால் 100 மி.மீ. அகலப் பொருள்தான் அதற்குள் அடங்கும்.

ஆகவே நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமா, பொருள் சின்னதாக இருக்க வேண்டும். பெரிய பொருளா, நுணுக்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒருசேரக் கேட்டால் நடக்காது. 2000-க்கு 2000-க்கு 2000 என்று பெருக்கினால் 800 கோடி வாக்செல். ஒவ்வொன்றுக்கும் 2 பைட் என்றால் ஒரே ஒரு காஸ்டிங்குக்கு 1600 கோடி பைட்! ஒரு ஸ்கேனுக்குச் சில நிமிடம் முதல் சில மணி நேரம் வரை ஆவதில் வியப்பில்லை.

துளையின் முகத்தைப் பார்த்தால் காரணம் தெரியும்

கணினித் திரையில் காஸ்டிங்கை எந்தப் பக்கமும் வெட்டிப் பார்க்கலாம். வெட்டியதை மறுபடி ஒட்டவும் வேண்டாம்! ஒவ்வொரு துளையின் அளவு, மேற்பரப்பிலிருந்து அதன் தூரம் எல்லாம் எண்ணாகவே கிடைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது துளையின் வடிவம். உருண்டையாக, வழுவழுப்பாக இருந்தால் அது வாயுத்துளை. உருகிய அலுமினியத்தில் கரைந்திருந்த ஹைட்ரஜனோ, அச்சில் சிக்கிய காற்றோ காரணம். வாயுவை நீக்க வேண்டும், காற்று வெளியேற வழி வைக்க வேண்டும். கிளை கிளையாக, கரடுமுரடாக இருந்தால் அது ஷ்ரிங்கேஜ். தடிமனான இடம் கடைசியாக உறையும்போது அங்கே ஊட்ட உலோகம் கிடைக்காமல் போனதால் வந்தது. ரைசரை மாற்ற வேண்டும், அல்லது அந்த இடத்தில் சில் வைத்துச் சீக்கிரம் உறைய வைக்க வேண்டும். இன்ஸ்பெக்‌ஷன் என்பது நல்லது கெட்டது பிரிப்பதோடு முடிவதில்லை. அடுத்த காஸ்டிங் நன்றாக வர வழி சொல்வதும் அதன் வேலை.

இன்னும் பயன் உண்டு. டர்பைன் பிளேடுக்குள் ஓடும் குளிர்காற்றுப் பாதையின் சுவர்க் கனத்தை அளக்கலாம். 3டி பிரிண்டிங்கில் செய்த பொருளுக்குள் உருகாத பவுடர் தங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம். மூடிய அசெம்பிளிக்குள் சீல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று திறக்காமலே தெரிந்துகொள்ளலாம்.

படமும் பொய் சொல்லும்!

திரையில் தெரிவதெல்லாம் நிஜம் என்று நம்பிவிடாதீர்கள். எக்ஸ்ரே குழாயிலிருந்து வருவது வலுவுள்ளதும் வலுவில்லாததுமான கலவைக் கதிர். வலுவில்லாதது மேல்தோலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். வலுவானது மட்டும் உள்ளே போகும். அதனால் ஒரே சீரான கம்பியைக்கூட, நடுவில் அடர்த்தி குறைந்ததுபோல் படம் காட்டும். இதற்குப் பீம் ஹார்டனிங் என்று பெயர். குழாய் வாயில் ஒரு செப்புத் தகட்டை வைத்து வலுவில்லாத கதிரை முன்பே வடிகட்டுவது வழக்கம். டிடெக்டரில் ஒரு பிக்சல் கெட்டிருந்தால் படத்தில் வட்ட வட்டமாக வளையம் தெரியும். அது உலோகத்தில் இல்லை, டிடெக்டரில் இருக்கிறது!

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. இருப்பதைக் காட்டாமல் விடுவது. ஒரு குறையை நம்பிச் சொல்ல அது இரண்டு மூன்று வாக்செல் அகலமாவது இருக்க வேண்டும். 50 மைக்ரான் வாக்செலில், இறுக மூடிக்கொண்டிருக்கும் 5 மைக்ரான் விரிசல் தெரியாமல் போகலாம். அந்த விரிசல் மேற்பரப்பில் வாய் திறந்திருந்தால், சில ரூபாய்ச் சாயம் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். சி.டி. வந்துவிட்டது என்பதற்காக டை பெனட்ரன்ட் டப்பாவைத் தூக்கி எறிய முடியாது.

முடிவு சொல்வது யார்?

1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவில் யுனைடெட் ஏர்லைன்ஸ் 232 என்ற விமானம் சூ சிட்டியில் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். வால்பகுதி எஞ்சினின் டைட்டானியம் ஃபேன் டிஸ்க் பறக்கும்போதே பிளந்ததுதான் காரணம். உலோகத்தை உருக்கியபோதே சேர்ந்துவிட்ட ஒரு சின்னக் குறை, 17 ஆண்டு ஓட்டத்தில் விரிசலாக வளர்ந்திருந்தது. முந்தைய ஆண்டு அந்த டிஸ்க்கை ஒளிரும் பெனட்ரன்ட் முறையில் சோதித்திருந்தார்கள். அப்போதே விரிசல் ஏறத்தாழ அரை அங்குலம் இருந்திருக்கும் என்று விசாரணையில் கணக்கிட்டார்கள். முறை இருந்தது, விரிசலும் இருந்தது; பார்த்தவர் கண்ணில் படவில்லை. சோதிக்கும் மனிதரின் வரம்புகளைப் போதிய அளவு கருத்தில் கொள்ளாததையே விசாரணைக் குழு காரணமாகச் சுட்டியது.

கருவி எவ்வளவு உயர்ந்ததானாலும் ‘போகலாம்’, ‘போகக்கூடாது’ என்பதற்குப் பொறுப்பேற்பது மனிதர்தான். சி.டி. திரையில் 0.8 மி.மீ. துளை தெரிகிறது. அது நடு பாஸில் இருக்கிறதா, ஓ-ரிங் பள்ளத்தின் கீழா? மெஷினிங் அலவன்ஸ் எவ்வளவு? அந்த இடத்தில் சுமை வருமா? இதற்கெல்லாம் பதில் டிராயிங்கில் இருக்கிறது, பிராசஸ் ஷீட்டில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர் யார்? நாம்தான்! அரியர் வைத்தாவது முடித்துவிடலாம் என்று நாம் அலட்சியமாகப் பார்க்கும் மெஷின் டிராயிங்கும் ஃபவுண்டரி பாடமும் அங்கே நல்ல பீஸைக் காப்பாற்றும், கெட்ட பீஸைத் தடுக்கும்.

இந்தத் துறைக்கு வர விரும்புவோருக்கு இரண்டு செய்தி. என்.டி.டி.யில் லெவல் 1, 2, 3 என்று தகுதித் தேர்வுகள் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய என்.டி.டி. சங்கம் பயிற்சியும் தேர்வும் நடத்துகிறது. அடுத்து, கதிர்வீச்சைக் கண்டு பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். கிலோவோல்ட் எக்ஸ்ரே பட்ட காஸ்டிங்கில் கதிர்வீச்சு ஒட்டிக்கொள்ளாது. மின்சாரத்தை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். ஆனால் கதவின் இன்டர்லாக்கை ஏமாற்றி வேலை பார்ப்பது உயிரோடு விளையாட்டு. நம் நாட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி, கதிர்வீச்சுப் பணியாளருக்கு 5 ஆண்டு சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. சட்டையில் டோஸ் பேட்ஜ் குத்தாமல் உள்ளே போகாதீர்கள்.

நண்பர்களே, நாளைக்கு நம்மில் யாராவது ஒருவர் அந்தத் திரையின் முன் உட்காருவோம். ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். உடனே ‘ரிஜெக்ட்’ என்று எழுதிவிடாமல், ‘பரவாயில்லை’ என்று தள்ளியும் விடாமல், ‘இது எங்கே இருக்கிறது, ஏன் வந்தது, இங்கே இருந்தால் என்ன ஆகும்?’ என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் யாரோ ஒருவர் வண்டியில் ஏறப்போகிறார்.